கைப்பிரேக்

பழைய கார்களுக்கான அருங்காட்சியகத்தில் வேலை செய்கிறேன். வெள்ளத்தில் மூழ்கிய ஸ்போர்ட்ஸ் கார் ஒன்றைச் சீராக்க, அதன் இருக்கையைப் பிரித்தபோது ஆற்று வண்டல் வாடை அடித்தது.

ஒன்பது வயதிலேயே எனக்குத் தெரிந்த வாடை அது. பெரியப்பாவின் சிவப்பு ஸ்போர்ட்ஸ் கார் தாமிரபரணிக் கரைச் சரிவில் நின்றது. உள்ளே ஏறி விளையாடிய நான் கைப்பிரேக்கை விடுவித்துவிட்டேன். கார் நகரவும் குதித்து ஓடினேன். அது ஆற்றுக்குள் இறங்கியது. வெளியே இழுத்தபோது இருக்கையெல்லாம் வண்டல்.

“பிரேக் போடாமலா நிறுத்துனீரு வே?” என்று பெரியப்பா டிரைவர் காதர் மாமாவிடம் கத்தினார். மாமா தலைகுனிந்து நின்றார். நானும் வாய் திறக்கவில்லை. அன்றே அவருக்கு வேலை போனது.

இருக்கையைப் பிரித்த மறுவாரமே மாமாவைத் தேடி அவர் ஊரான மேலப்பாளையம் போனேன். மாமா இறந்திருந்தார். அவர் மகளிடம் எல்லாவற்றையும் சொன்னேன்.

“வாப்பாவுக்குத் தெரியும். நீங்க குதிச்சதப் பாத்தாவளாம். சின்னப்புள்ளய அடிப்பாவன்னுதான் சொல்லலயாம்” என்றாள்.