உப்புப் பையின் தையல்

தையற்காரம்மாவின் சமையலறையில் உப்பு ஜாடி இல்லாமல் போய் நெடுநாளாயிற்று. அவளுடைய அண்ணன் ரத்த அழுத்தத்தில் ஒரே நாளில் போய்ச் சேர்ந்தார். அந்தத் துக்கம் ஆறுவதற்குள், பஸ் ஓட்டும் கணவருக்கும் அதே அழுத்தம் என்றும், அது இறங்கும்வரை ஸ்டியரிங்கைத் தொடக் கூடாது என்றும் டாக்டர் சொல்லிவிட்டார். அன்றைக்கே ஜாடி தெருவுக்குப் போனது. உப்பு என்று யாராவது வாயெடுத்தால் உண்டு இல்லை என்று ஆக்கிவிடுவாள். அவ்வளவு பயம் அவளுக்கு.

வீட்டில் சும்மா உட்கார முடியாத டிரைவர் ஒரு மீன்தொட்டி வாங்கி, தையல் மிஷினுக்கு எதிரே வைத்தார். அதில் ஒரே ஒரு பேத்தை மீன், பயந்தால் பந்துபோல உப்பிக்கொள்ளும் வகை. உருண்டை வயிறு, முதுகெல்லாம் கரும்புள்ளி, டிக்கெட் கேட்கும் கண்டக்டரைப் போல முறைக்கிற கண். குண்டன் என்று பெயர் வைத்தார்.

ஒருநாள் பெருக்கும்போது தொட்டிக்கு அடியில் ஒரு பை உப்பு அகப்பட்டது. பத்தியச் சாப்பாடு போட்டும் அழுத்தம் ஏன் இறங்கவில்லை என்று இப்போதல்லவா புரிகிறது! மொத்தத்தையும் சாக்கடையில் கொட்டித் தண்ணீரை ஊற்றிவிட்டு, அவரிடம் மூச்சு விடாமல் இருந்தாள். அவரும் தேடிப் பார்த்தார், அவளை ஓரக்கண்ணால் பார்த்தார். குழாய்த் தண்ணீரை மட்டும் பிடித்துத் தொட்டியில் மாற்றினார்.

அதன்பிறகு குண்டனின் வெள்ளை வயிறு கறுத்தது. துடுப்பை ஒடுக்கிக்கொண்டு அடியில் கிடந்தான். தீனியாகப் போட்ட நத்தையைத் தொடவில்லை. டிரைவரும் தொட்டி முன்னால் உட்கார்ந்தவர் சாப்பிட எழுந்திருக்கவில்லை. அவள் மிஷினை நிறுத்தினாள்.

"ஏங்க, குண்டனுக்கு என்ன?"

"உப்பு பத்தலை."

"யாருக்கு?"

"மீனுக்குத்தாம்மா. ஆறும் கடலும் சேர்ற இடத்து மீன் இது. வெறும் தண்ணி ஒத்துக்காது. அதுக்குன்னு வாங்கின கடல் உப்பைக் காணோம்."

"என்கிட்ட முன்னாடியே சொல்றதுக்கென்ன?"

"உன்கிட்டயா? உப்புன்னா?"

"நான்தான் கொட்டிட்டேன். நீங்க திங்கிறீங்கன்னு நினைச்சேன்."

அவர் தலையைக் குனிந்துகொண்டார்.

அவள் வளர்ப்பு மீன் கடைக்கு ஓடி, புதிதாகக் கடல் உப்பு வாங்கினாள். ஒரேயடியாகக் கொட்டக் கூடாது, வாளியில் கரைத்துத் தினமும் கொஞ்சமாகச் சேர்க்க வேண்டும் என்றார் கடைக்காரர். இம்மி பிசகாமல் துணி வெட்டுகிறவளுக்கு இது பெரிய வேலையா? அவள் அளந்து கரைத்தாள், அவர் ஊற்றினார். நாளாக நாளாக வயிறு வெளுத்தது. ஒரு காலை குண்டன் மேலே வந்து, இருவரையும் முறைத்துவிட்டு, நத்தையை நறுக்கென்று கடித்தான். யாருடைய ரவிக்கை என்றுகூடப் பார்க்காமல், மடியில் இருந்த துணியிலேயே கண்ணைத் துடைத்துக்கொண்டாள்.

அந்தச் சந்தோஷத்தில் டிரைவர் மெதுவாக ஆரம்பித்தார். "நீ நினைச்சதுல தப்பில்லை. அந்தப் பையில இருந்து அப்பப்ப ஒரு சிட்டிகை எடுத்தேன். அவிச்ச முட்டைக்கு."

அவள் கத்துவாள் என்று எதிர்பார்த்தார். அவள் கத்தவில்லை.

"அண்ணன் போனப்ப அண்ணி ஒரு மூலையில உட்கார்ந்தாங்களே, அந்த மாதிரி என்னால உட்கார முடியாதுங்க."

அன்றே கெட்டித் துணியில் பை தைத்து, உப்பைப் போட்டு, வாயையும் தைத்துவிட்டாள். தண்ணீர் மாற்றும்போதெல்லாம் அவளே பிரித்து, அளந்து, மறுபடி தைப்பாள். அழுத்தம் மெல்ல இறங்கத் தொடங்கியது. டாக்டரும் ஒருவழியாகச் சரி என்றார்.

வேலைக்குத் திரும்பும் நாளன்று, காக்கிச் சட்டையோடு டிரைவர் உப்புப் பையைக் கொண்டுவந்து மிஷின்மேல் வைத்தார்.

"ஓரத்துல தையல் விட்டிருக்கு. கொஞ்சம் தைச்சுடும்மா."

அவள் பையைக் கையில் தூக்கிப் பார்த்தாள். கனம் குறையவில்லை. ஊசியில் நூலைக் கோத்து, இரட்டைத் தையலாகவே போட்டாள்.