கங்கா நேர்ந்த தொம்பை

கங்கா கை வைத்த தையலில் ஓர் இழை பிசகாது. கோல சிலாங்கூர்ப் பக்கத்து ரப்பர்த் தோட்டத்தில் பால் மரம் வெட்டுகிறவள்தான். ஆனாலும் அவள் ஊசிக்குத் தொழிலாளர் குடியிருப்பான லயமெங்கும் பேர் உண்டு.

1926ஆம் ஆண்டு மழைக்காலத்தில் அவள் புருஷன் இருசப்பன் குளிர்காய்ச்சலில் பேச்சுமூச்சின்றிக் கிடந்தான். ஆளைத் திருப்பிக் கொடுத்தால், தேரின் நாலு மூலையிலும் குழல் போலத் தொங்கும் தொம்பைகளைத் தன் கையால் தைத்துக் கட்டுவதாக மாரியம்மனுக்கு நேர்ந்துகொண்டாள். ஆள் பிழைத்து எழுந்தான். நேர்ந்த துணி புதுசாக இருக்க வேண்டும். எங்காவது ஒருமுறை தொங்கியது அம்மனுக்கு ஆகாது.

நேர்த்திக்கடனைச் சொல்லிப் புதுத்துணி கேட்க, தோட்டக் கணக்கு எழுதும் கிராணி துரைசிங்கத்தின் மனைவி பராசக்தியிடம் போனாள். யாழ்ப்பாணத்துக் குடும்பம். பராசக்தியின் பிரசவத்தில் இரவு பகலாகக் கூட இருந்தவள் கங்கா. அன்றிலிருந்து தன்னை “அக்கா” என்றே கூப்பிடச் சொல்லியிருந்தாள் பராசக்தி.

“கவலைப்படாதை பிள்ளை. வெள்ளைக்காரத் துரை பங்களாவிலை கொடி கட்ட எண்டு சிவப்புத் துணி வந்தது. புதுசு மிச்சம் கிடக்கு, தாறன்.”

கொடித்துணி மெல்லிய கம்பளி நெசவு. மழையில் நனைந்தாலும் சாயம் இறங்காது. விரித்துப் பார்த்தபோது ஓரத்தில் மட்டும் நிறம் அடர்ந்து, பொடிப்பொடியாய் ஊசித் துளைகள் தெரிந்தன.

“அக்கா, இது தைச்சுப் பிரிச்ச மாதிரி இருக்கே?”

“உனக்கென்ன விசரே? அது மடிச்சுக் கட்டின தடம். என்னிலை நம்பிக்கை இல்லையோ?”

கங்கா துணியை மடித்து எடுத்துக்கொண்டாள். மாலைகளில் உட்கார்ந்து தைத்து முடித்தாள். தேருக்கு முதல் நாள், அக்காவிடம் காட்டிவிட்டுக் கோயிலில் கொடுக்கலாம் என்று கிராணி வீட்டுக்கு எடுத்துப் போனாள்.

முற்றத்திலேயே கால் நின்றுவிட்டது. முன்ஜன்னல்களில் புத்தம்புதுச் சிவப்புத் திரை. அதே நெசவு. துளையில்லை, வெளுப்பில்லை. தன் கையில் இருந்தது பங்களாவில் வெயில் தின்ற பழைய கொடி. இல்லை என்று சொல்லியிருந்தால் வேறு வழி பார்த்திருப்பாள். நேர்த்திக்கடன் என்று தெரிந்தே கொடுத்தாளே! கங்கா குரல் கொடுக்காமல் திரும்பினாள்.

“கட்டிடு புள்ளே, யாருக்குத் தெரியப் போவுது?” என்றான் இருசப்பன்.

“ஆத்தாளுக்குத் தெரியாதா? ஒன் உசுர வெச்சுல்ல நேந்தேன்? அதுல வெளையாடச் சொல்றியா?”

மறுநாள் தேர் தொம்பையில்லாமல் புறப்பட்டது. லயத்து முன்னால், அத்தனை பேர் நடுவில், பராசக்தி சிரித்தபடி கேட்டாள்: “எங்கை பிள்ளை, உன்ரை தொம்பை?”

“புதுத்துணி ஒங்க ஜன்னல்ல தொங்குதுங்க, கிராணியம்மா. தொங்க விடறதுக்கு முன்னாடி கொடுத்திருந்தா இந்நேரம் தைச்சுக் கட்டியிருப்பேன்.”

வடம் பிடித்தவர்கள் அப்படியே நின்றார்கள். பராசக்தி முந்தானையை இழுத்துப் போர்த்திக்கொண்டு வீட்டைப் பார்த்து நடந்தாள். திரும்பி வரவில்லை.

கங்கா வெறுங்கையோடு தேர் முன்னால் குனிந்தாள்.

“ஒரு வருசம் பொறுத்துக்க, ஆத்தா. ஆள மட்டும் திரும்பக் கேட்டுடாத.”