நானும் சிரித்த படம்

அப்போது திருவனந்தபுரத்திலிருந்து ஒரு தமிழ் வாரப் பத்திரிகைக்குச் சினிமா விமர்சனம் எழுதிக்கொண்டிருந்தேன். நகைத் திருடன் ஒருவன் இன்ஸ்பெக்டரின் மகளைக் காதலிக்கும் வேடிக்கைப் படம் வந்தது. மனைவியையும் அழைத்துப்போனேன். குழந்தையைப் பறிகொடுத்த பிறகு அவள் கொட்டகைக்கு வந்தது அன்றுதான். திருடன் போலீஸ் உடுப்பு மாட்டிக்கொண்டு அந்த இன்ஸ்பெக்டரிடமே பெண் கேட்கும் இடத்தில் அவள் வாய்விட்டுச் சிரித்தாள். நானும் கண்ணில் நீர் வரச் சிரித்தேன்.

மற்றப் பத்திரிகைகள் படத்தைக் கிழித்திருந்தன. நான் பாராட்டினால் மட்டமாக நினைப்பார்களே என்று பயந்து, "இதற்குச் சிரிப்பவர்கள் மூளையைக் கழற்றி வைத்துவிட்டு வந்தவர்கள்" என்று எழுதினேன்.

ஸ்ரீவராகம் பகுதியில் இருந்த எங்கள் வீட்டில் அவள் அதைப் படித்துவிட்டு என்னிடம் வந்தாள்.

"அன்னிக்கு நான் ரொம்பச் சிரிச்சுட்டேனோ? உங்களுக்கு வெக்கமாப் போச்சா?"

"உன்னைச் சொல்லலைடி. நானுந்தானே சிரிச்சேன்?"

"அப்போ ஏன் அப்படி எழுதினேள்?"

பத்திரிகையை அவள் கையிலிருந்து வாங்கி மடித்து வைத்தேன்.

பிறகு வேறொரு வேடிக்கைப் படத்துக்குக் கூட்டிப்போனேன். கொட்டகையே சிரித்தபோது அவள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு என் முகத்தைப் பார்த்தாள். சிரிக்கலாமா என்று கேட்பதுபோல் இருந்தது.

அதற்குப் பின் எத்தனையோ படங்களைப் பற்றி எழுதிவிட்டேன். அந்தப் பார்வையை மட்டும் இன்றுவரை தாங்க முடியவில்லை.