ஆற்றில் விட்ட மீனும் மேசைக்கு வந்த மீனும்

எங்கள் அப்பா பண்டத்தரிப்பில், ஐந்து பிள்ளைகளில் மூன்றாமவராகப் பிறந்தார். எண்பதுகளின் நடுவில் தனியாக டென்மார்க் வந்து, இரண்டு வருடம் கழித்து அம்மாவையும் என்னையும் அழைத்துக்கொண்டார். தம்பி நாங்கள் குடியேறிய இக்காஸ்ட்டில் பிறந்தான். துணி ஆலையின் சாயப் பகுதியில் அப்பா பதினெட்டு வருடம் நின்றார். ஆலை மூடப்பட்ட பின் ஓய்வு பெறும்வரை ஜன்னல் செய்யும் தொழிற்சாலையில் வேலை. இந்த நினைவு மலரைக் கையில் வைத்திருக்கும் உங்களில் பலர் அவருடன் ஒரே ஷிஃப்டில் நின்றவர்கள். அவர் பட்ட பாட்டை நான் உங்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

அப்பாவுக்குப் பொய் வராது. அப்படிப்பட்ட ஒருவருடன் ஒரே வீட்டில் வாழ்வது லேசுப்பட்ட காரியமல்ல. ஒருமுறை காய்ச்சல் என்று வேலைக்கு லீவு சொன்னார். மத்தியானம் காய்ச்சல் விட்டதும் மேற்பார்வையாளருக்குத் தொலைபேசி எடுத்து, தனக்குச் சுகமாகிவிட்டது என்று அறிவித்தார். அம்மா தலையில் அடித்துக்கொண்டார். சபையில் சாட்சி சொல்ல எழுந்தால், "நேற்று முழுக்க மழை" என்று தொடங்குவார். உடனே நின்று, "இல்லை, நாலு மணிக்கு விட்டது" என்று திருத்துவார். எல்லோரும் சிரிப்பார்கள். அப்பா சிரிக்கமாட்டார்.

அவருடைய எழுபதாவது பிறந்தநாளுக்கு, மூன்று வருடங்களுக்கு முன்பு, நானும் தம்பியும் சேர்ந்து ஸ்கியர்ன் ஆற்றில் வழிகாட்டியுடன் ஒரு நாள் சால்மன் மீன்பிடிக்க ஒழுங்கு செய்தோம். நான் வசிக்கும் அல்பர்ட்ஸ்லுண்டிலிருந்து முதல்நாளே ரயிலில் வந்துவிட்டேன். செப்டெம்பர் மாதத்துச் சனிக்கிழமை. நெஞ்சளவு ரப்பர் காற்சட்டையை மாட்டிக்கொண்டு அப்பா நின்ற கோலத்தைப் பார்த்து அம்மா, "சாயத் தொட்டிக்குள்ளை இறங்கிற ஆள் மாதிரி இருக்கு" என்றார். அப்பா குனிந்து பார்த்து, "ஓம், அதுவும் இப்பிடித்தான்" என்று ஒப்புக்கொண்டார்.

வழிகாட்டியின் பெயர் ஹென்றிக். சால்மன் இந்த ஆற்றில் பிறந்து, கிறீன்லாந்துவரை போய் வளர்ந்து, பிறந்த ஆற்றுக்கே திரும்பி வரும் என்று விளக்கினார். பிறகு குரலைத் தாழ்த்தி, உங்களுக்கும் பிறந்த ஊர் ஞாபகம் வருகிறதா என்று அப்பாவைக் கேட்டார். அப்பா கொஞ்சம் யோசித்தார். "நை, இல்லை. எனக்கு இக்காஸ்ட் போதும்" என்று டேனிஷில் பதில் சொன்னார். பாவம், அந்த மனிதர் தூண்டிலைச் சரிபார்க்கப் போய்விட்டார்.

மூன்று மணித்தியாலம் ஒன்றும் இல்லை. அதன்பின் அப்பாவின் தடி வளைந்தது. அரை மணித்தியாலம் இழுபறி. தம்பி ஒருபக்கம், ஹென்றிக் ஒருபக்கம், கரையில் அம்மாவின் ஜெபம். கடைசியில் மீன் வலைக்குள் வந்தது. ஒரு மீற்றருக்குக் கொஞ்சம்தான் குறைவு. தம்பி படம் எடுத்து எனக்கு அனுப்பினான். நான் கரையில் நின்றபடியே அதைக் குடும்பக் குழுவில் போட்டேன். "அப்பா பிடிச்ச சால்மன். நாளைக்குப் பின்னேரம் எங்கடை வீட்டிலை குழம்பு, எல்லாரும் வாங்கோ" என்றும் எழுதினேன். ஐந்து நிமிடத்துக்குள் எட்டுக் குடும்பங்கள் வருகிறோம் என்றன.

தலையை நிமிர்த்தினால் அப்பா மீனை இரண்டு கையாலும் தண்ணீருக்குள் பிடித்திருக்கிறார். இந்த வருடம் எடுக்கக்கூடிய பெரிய மீன்களின் எண்ணிக்கை முடிந்துவிட்டது, இதை விடத்தான் வேண்டும் என்று ஹென்றிக் சொன்னாராம். நான் போனுக்குள் இருந்ததால் எதுவும் கேட்கவில்லை. மீன் மெல்லத் தெம்பு பெற்று, வாலால் அப்பாவின் முகத்தில் தண்ணீரை அடித்துவிட்டுப் போனது. அப்பா அவ்வளவு சந்தோஷமாகச் சிரித்து நான் பார்த்ததில்லை.

திரும்பும் வழியில் ஹேர்னிங்கில் ஒரு கடையில் காரை நிறுத்தச் சொல்லி, வளர்ப்புச் சால்மன் வாங்கிவந்தேன்.

"ஏன் பிள்ளை இது?"

"நாளைக்குச் சனம் வருகுதெல்லே அப்பா."

"மீனை விட்டாச்செண்டு சொன்னால் என்ன?"

"உங்களைத்தான் பகிடி பண்ணுவினம். நீங்கள் ஒண்டும் சொல்லவேண்டாம். பேசாமல் இருங்கோ."

அப்பா பேசாமல் இருந்தார். ஞாயிறு மாலையும் அப்படியே. "ஆத்து மீனின்ரை ருசியே வேறை" என்று ஒருவர் தொடங்க, மற்றவர்கள் ஓமென்றார்கள். போதகர் அப்பாவையே ஜெபிக்கச் சொல்லியிருந்தார். அப்பா ஆற்றுக்காகவும் காலநிலைக்காகவும் ஹென்றிக்குக்காகவும் நன்றி சொன்னார். "மேசையிலை இருக்கிற சாப்பாட்டுக்காகவும்" என்றவர், மீன் என்ற சொல்லை எடுக்கவில்லை. அதைக் கவனித்தது நான் ஒருத்திதான். வாழ்நாள் முழுவதும் காய்ச்சல் விட்டதைக்கூட மறைக்காத மனிதரை, என் மானத்துக்காக ஒரு பொய்க்குப் பக்கத்தில் இருத்திவைத்தேன். எனக்கு வெட்கமாக இருந்தது. ஆனாலும் கறி நன்றாக இருக்கிறது என்று நீங்கள் சொன்னபோது சிரித்துக்கொண்டே இன்னும் பரிமாறினேன்.

பிறகு அப்பாவுக்கு நோய் வந்தது. ஒன்றரை வருடம் பொறுமையாகப் படுத்திருந்தார். வலிக்கிறதா என்று தாதி கேட்டால், வலித்தால் மட்டும் ஓமென்பார். ஆஸ்பத்திரியில் இரண்டு தடவை அந்த மீன் கதையைத் தொடங்கி மன்னிப்புக் கேட்கப் பார்த்தேன். இரண்டு தடவையும், "அதை விடு பிள்ளை, சாப்பிட்டியோ?" என்று கதையை மாற்றிவிட்டார். சென்ற வசந்த காலத்தில், அம்மா கையைப் பிடித்திருக்க, அமைதியாகக் கர்த்தருக்குள் நித்திரையானார்.

இந்த மலரில் உண்மையை எழுதிவிடுவது என்று தீர்மானித்தேன். அன்று மேசையில் இருந்தவர்களுக்கு முன்கூட்டியே சொல்வது முறை என்று நினைத்து, அம்மாவின் தம்பி செல்வா மாமாவிடம் முதலில் போனேன். நான் பாதி சொல்லும்போதே மாமா சிரித்துவிட்டார்.

"அது எங்களுக்கு அப்பவே தெரியும் பிள்ளை. நீ திங்கக்கிழமை ரயிலேறிப் போனாப்பிறகு அத்தான் சைக்கிளை எடுத்துக்கொண்டு எட்டு வீட்டுக்கும் வந்து சொன்னவர், அது கடை மீன் எண்டு."

"எனக்கு ஒருத்தரும் சொல்லேல்லையே மாமா?"

"அத்தான்தான் வேண்டாமெண்டவர். 'பிள்ளை என்ரை மானத்தைக் காப்பாத்தத்தான் செய்தவள். நான் வந்து சொன்னது அவளுக்குத் தெரியவேண்டாம். அவளைக் காணேக்கை கறி நல்லாயிருந்தது எண்டு மட்டும் சொல்லுங்கோ. அது பொய்யில்லை' எண்டவர்."

நான் மாமா வீட்டுக் குசினியில் இருந்து அழுதேன். அப்பா இறந்த அன்றுகூட அப்படி அழவில்லை.

அப்பாவைப் பராமரித்த மருத்துவர்களுக்கும் தாதிமாருக்கும், இறுதி நாட்களில் உணவு கொண்டுவந்த அயலவர்களுக்கும், ஜெபித்த சபையாருக்கும், அடக்க ஆராதனைக்குத் தூர இடங்களிலிருந்து வந்த உறவுகளுக்கும் அம்மாவும் தம்பியும் நானும் நன்றி சொல்கிறோம். அந்த எட்டுக் குடும்பங்களுக்குத் தனியாக ஒரு வார்த்தை. மூன்று வருடமாக, கலியாண வீட்டிலும் நத்தார் விழாவிலும், அப்பாவின் அடக்கத்தன்று கல்லறைத் தோட்ட வாசலிலும்கூட, என்னைக் கண்ட இடமெல்லாம் அந்தக் கறியைப் புகழ்ந்தீர்கள். இனி நீங்கள் புகழவேண்டியதில்லை. அப்பா உங்களிடம் கேட்ட உதவியை ஒரு குறையுமில்லாமல் செய்து முடித்துவிட்டீர்கள்.