இளநீர் இல்லாத படையல்

பிள்ளைகளே, இந்த வருடம் உங்கள் பெரியப்பாவின் திதிப் படையலில் இளநீர் ஏன் இல்லை என்று கேட்டீர்கள். அதனால் எழுதுகிறேன்.

சிங்கப்பூரை ஜப்பான்காரன் ஆண்ட காலம். நாங்கள் தேக்காவில் குடியிருந்தோம். துறைமுகத்தில் மூட்டை இறக்கப் போன அண்ணன் காலில் பெட்டி விழுந்தது. வீங்கிய காலுக்குள் ரத்தம் உறைந்துவிட்டது என்று ஆஸ்பத்திரியில் படுக்க வைத்து, ரத்தத்தை இளக்க ஊசி போட்டார்கள். வெள்ளைக்கார டாக்டர்கள் விட்டுப்போன கடைசிப் புட்டிகளாம்.

வார்டில் காயம் கட்டும் யாழ்ப்பாணத்து டிரஸ்ஸர் முதல் நாளே சொன்னார்: "தம்பி, வெளியால இருந்து சாப்பிட ஒண்டும் குடுக்காதேங்கோ."

நானும் கொடுக்கவில்லை. இளநீர் சாப்பாடா என்ன? ஊசி மருந்து சூடு, உடம்பு குளிரட்டும் என்று நினைத்தேன். கேலாங்வரை நடந்து, ஒரு மலாய்க்காரரிடம் என் ஒரே நல்ல சட்டையைக் கொடுத்து ஒரு சாக்கு இளநீர் வாங்கி வந்தேன். தினமும் மூன்று காய் வெட்டி, போத்தலில் ஊற்றி, வேட்டி மடிப்பில் மறைத்துக் கொண்டுபோனேன்.

"என்னடா, சிங்கப்பூர்ல ஒரு தென்னமரத்தையும் விடலயா நீ?" என்று அண்ணன் சிரித்தார்.

நான்காம் நாள் சிரிக்கவில்லை. "கால அசைக்க முடியலடா" என்றார். பசிக் களைப்பு என்று எண்ணி இன்னும் ஒரு போத்தல் குடிக்க வைத்தேன். நாடி பிடித்துப் பார்த்த டிரஸ்ஸர் முகம் மாறி டாக்டரைக் கூப்பிட ஓடினார். மாலைக்குள் அண்ணனின் நெஞ்சுத் துடிப்பு நின்றுவிட்டது. காலிப் போத்தலோடு வீட்டுக்கு வந்தேன்.

அவருக்குப் பிடித்ததென்று வருடா வருடம் இளநீர் வைத்தோம்.

போன மாதம் எனக்கும் அப்படி ஓர் ஊசி போட்டார்கள் அல்லவா? அப்போது டாக்டரம்மா, "அங்கிள், இந்த ஊசி சில பேருக்கு ரத்தத்துல பொட்டாசியம்னு ஒரு உப்பை ஏத்திடும். ரொம்ப ஏறினா இதயமே நின்னுடும். இளநீர்ல அந்த உப்பு நிறைய. தொடாதீங்க" என்றார்.

அண்ணனைப் பற்றிக் கேட்டேன். அதனால்தான் என்று இப்போது சொல்ல முடியாது என்றார். இல்லை என்றும் சொல்லவில்லை.

தெரியாமல் செய்ததுதான். ஆனால் டிரஸ்ஸரை ஒரு வார்த்தை கேட்டிருக்கலாம். கேட்டால் வேண்டாம் என்பார் என்று தெரிந்துதானே போத்தலை மறைத்தேன். இப்போது உறுத்துவது அதுதான்.

திதியன்று நீங்கள் குளிக்கப் போயிருந்தபோது, உங்கள் அம்மா வைத்த இளநீரை எடுத்துப் பாத்திரம் கழுவும் தொட்டியில் ஊற்றினேன். அண்ணன் படத்துக்கு முன் ஒரு டம்ளர் பச்சைத் தண்ணீர் வைத்தேன்.