துவைக்காத காக்கிச் சட்டை

கீழ்வீட்டு அக்காவின் கூடத்தில் ஜன்னல் கம்பிக்கும் எதிர்ச்சுவர் ஆணிக்கும் இடையே நீல நைலான் கயிறு ஒன்று கட்டியிருக்கும். அதன் ஓரத்தில் ஒரு காக்கிச் சட்டை துவைக்காமல் தொங்கும். நாமக்கல்லில் நாங்கள் மாடியில் குடியிருந்த காலம் அது. அக்காவின் கணவர் லாரி டிரைவர். வடக்கே லோடு ஏற்றிப் போனால் திரும்ப வாரக்கணக்கில் ஆகும். தெருமுனையில் லாரிக்கு பாடி கட்டும் பட்டறை. அங்கே பெயின்ட் அடித்தால் மொட்டைமாடியில் காயும் வேட்டியெல்லாம் புள்ளி புள்ளியாகிவிடும். அதனால் அக்கா வீட்டுக்குள்ளேயே துணி காயப்போடுவார்.

குழாய்த் தண்ணீர் நினைத்தால் வரும், இல்லாவிட்டால் இல்லை. ஒருநாள் கட்டிய சேலையை உதறிக் காற்றாடப் போட்டு மறுநாளும் கட்டுவார் அக்கா. நானோ கடைத்தெருவுக்குப் போட்டுப்போன சட்டையைக்கூட வாளியில் நனைக்கிற ஆள். "ஏனுங்க தம்பி, அழுக்குன்னு தொவைக்கறீங்களா, பொழுது போகலைன்னு தொவைக்கறீங்களா?" என்று படியில் நின்று கேட்பார். கருமி என்று நினைத்துக்கொள்வேன். காக்கிச் சட்டையையும் அந்தக் கணக்கிலேயே சேர்த்திருந்தேன்.

விஷயம் வேறு. பயணம் போனவர் போய்ச் சேரும்வரை வீடு கூட்டக்கூடாது, தலைக்கு ஊற்றக்கூடாது என்பது எல்லா வீட்டிலும் உள்ளதுதான். அக்கா அதை இன்னொரு முழம் நீட்டியிருந்தார். கணவர் கழற்றிப் போட்டுவிட்டுப் போன சட்டையை, போய்ச் சேர்ந்ததாக போன் வந்த பிறகே தண்ணீரில் போடுவார்.

ஒரு மழைக்காலத்தில் லாரி குஜராத் போயிருந்தது. போன் வரவில்லை. இங்கிருந்து கூப்பிட்டாலும் ஸ்விட்ச் ஆஃப். அந்தச் சமயத்தில்தான் எருமப்பட்டியிலிருந்து அக்காவின் நாத்தனார் வந்தார். அண்ணன் இந்நேரம் சேர்ந்திருப்பார் என்ற நினைப்பில், ஒத்தாசையாக இருக்கட்டுமென்று அந்தச் சட்டையை அலசிக் கயிற்றில் போட்டுவிட்டார். ரேஷன் கடையிலிருந்து திரும்பிய அக்கா, சொட்டுகிற சட்டையைப் பார்த்ததும் வாசற்படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"அவுரு இன்னும் போய்ச் சேரலையே சாமி..."

அவ்வளவுதான் சொன்னார். சண்டை போட்டிருந்தால்கூட நாத்தனாருக்குத் தேவலாம் என்றிருந்திருக்கும். அந்த வீட்டில் யாரும் சரியாகச் சாப்பிடவில்லை. நானும் படியிறங்கும்போதெல்லாம் போன் வந்ததா என்று விசாரித்தேன்.

பிறகொரு மத்தியானம் போன் வந்தது. வெள்ளத்தில் பாலம் மூழ்கி, வண்டிகளை வழியிலேயே நிறுத்திவிட்டார்களாம். சார்ஜ் போட இடமில்லையாம். இப்போதுதான் லோடு இறக்கினாராம். "சரிங்க, சாப்புட்டீங்களா?" என்று கேட்டுவிட்டு அக்கா போனை வைத்தார். நேரே போய்க் கயிற்றிலிருந்த சட்டையை உருவினார். ஒரு குடத் தண்ணீரில் ஊர்ப்பட்ட வேலையை முடிக்கிறவர், அன்று வாளி நிறையத் தண்ணீர் பிடித்து, அழுக்கே இல்லாத அந்தச் சட்டைக்குச் சோப்புப் போட்டு மறுபடி துவைத்தார்.

இப்போது சேலத்தில் இருக்கிறோம். கூடத்தில் துணி காயப்போட மடக்கு ஸ்டாண்டு. இந்தச் சம்பிரதாயங்களில் எனக்கு நம்பிக்கை கிடையாது. மகள் இன்று விடியற்காலையில் வேலைக்காக பெங்களூர் பஸ் ஏறினாள். வீட்டுத் துணியெல்லாம் மெஷினில் சுற்றிக்கொண்டிருக்கிறது. அவள் கழற்றிப் போட்ட சுடிதார் மட்டும் ஸ்டாண்டில் கிடக்கிறது.

"அதையும் சேத்துப் போட்டிருக்கலாமுங்க" என்றாள் மனைவி.

தண்ணீர் மிச்சமாகட்டும் என்றேன். போனைக் கையிலேயே வைத்திருந்தேன்.