நான் கவிழ்த்த தாமரை

கொசு பிடிக்கிற உத்தியோகம் என்று மாமனார் வீட்டில் என்னைக் கேலி பேசுவார்கள். கொசுவைப் பிடிப்பதில்லை, கொசு பிறக்கிற தண்ணீரைத்தான் தேடிப் பிடிக்கிறேன் என்று எத்தனை முறை சொன்னாலும் அவர்கள் காதில் ஏறாது. ஐம்பதுகளின் கடைசியில் நான் திண்டிவனத்தில் குடியிருந்துகொண்டு, பாசஞ்சர் ரயிலில் தினமும் விழுப்புரம் போய் வந்தேன். தோளில் எண்ணெய் டப்பா, கையில் நீளக் காம்பு வைத்த வெள்ளை எனாமல் கரண்டி. தேங்கிய தண்ணீரைக் கரண்டியில் மொண்டு பார்க்க வேண்டும். புழு நெளிந்தால் கவிழ்த்துவிட வேண்டும். கவிழ்க்க முடியாத இடத்தில் எண்ணெய் ஊற்ற வேண்டும். மொண்டு பார்ப்பது முதலில், மற்றதெல்லாம் பிறகு. ஆனால் எனக்கு மூக்கின்மேல் கோபம், பொறுமையும் குறைவு. தொட்டியைப் பார்த்ததுமே அதன் ஜாதகம் தெரிந்துவிடும் என்ற திமிர் வேறு.

ஒரு தை மாதம், விழுப்புரம் ரயில்வே குடியிருப்பில் கடைசி வீட்டின் பின்புறம் போனேன். விளிம்பு உடைந்த சிமென்ட் தொட்டி ஒன்றில் கறுப்புச் சேறும், அதன்மேல் ஒரு சாண் தண்ணீரும், அழுகிய தண்டுகள் நாலைந்தும் கிடந்தன. கொசு சத்திரம் கட்டி வைத்திருக்கிறார்கள் என்று முணுமுணுத்துக்கொண்டே தோளைக் கொடுத்துக் கவிழ்த்தேன். சேறு மொத்தமாகச் சாய்ந்து சாக்கடைக்கல்லில் விழுந்தது. உள்ளே ஏதோ பட்பட்டென்று முறிந்த சத்தம் கேட்டது.

குழாயடியிலிருந்து குடத்தோடு வந்த அந்த வீட்டுக்காரம்மா குடத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். ரயில் கார்டு ஒருவரின் மனைவி. என் வயதுதான் இருக்கும்.

"யோவ், இன்னாய்யா பண்ணிட்ட! மொண்டு பாத்தியா? கையில கரண்டிய வச்சிக்கினு கீறியே, மொண்டு பாத்தியாய்யா?"

"வெறும் சேறும்மா. ஒரு எல கூட இல்ல."

"பனிக்கு எல இருக்காதுய்யா. அடியில தூங்குது. எங்கம்மா வச்சதுய்யா அது."

திருவெண்ணெய்நல்லூர்ப் பக்கத்துக் குளத்திலிருந்து, இவருடைய பிரசவத்துக்கு வந்தபோது அவர் அம்மா ஈரத்துணியில் சுற்றி பஸ்ஸில் கொண்டுவந்த தாமரைக்கிழங்கு அது. அந்தத் தாயார் அடுத்த வருஷமே இறந்துபோனார். இதெல்லாம் அவர் எனக்கு விளக்கிச் சொல்லவில்லை. சேற்றைக் கையால் அளைந்துகொண்டே, திட்டுவதற்கு நடுவில் உதிர்த்தார்.

சேற்றிலிருந்து மூன்று துண்டுகள் கிடைத்தன. இரண்டு பெரியவை, முறிந்த இடத்தில் உள்ளே வரிசையாகத் துவாரங்கள் தெரிந்தன. மூன்றாவது விரல் நீளம்தான், முறியாமல் கணுவோடு கணுவாகக் கழன்றிருந்தது. நுனியில் ஆட்டுக்குட்டியின் முளைக்கொம்பு மாதிரி ஒரு கூர். பெரியவை இரண்டையும் மடியில் வைத்துக்கொண்டு, சின்னதை என்னிடம் நீட்டினார்.

"ரெண்டு எடத்துல இருந்தா ஒண்ணாவது பொழைக்கும். எடுத்துக்கினு போய் வளத்துக் கொண்டா. ஆனிக் கடைசில எங்களுக்குத் திருச்சி பக்கம் மாத்தல். அதுக்குள்ள ஒரு பூவ எங் கண்ணால பாத்துட்டுப் போவணும்."

வாங்கிக்கொண்டேன். வேறென்ன செய்வது?

திண்டிவனத்தில் என் மனைவி நெல் ஊறவைக்கும் மண் சால் ஒன்றுதான் அதற்குத் தோதாக இருந்தது. "ஊரான் வூட்டு தொட்டியெல்லாம் கவுத்துட்டு, எஞ் சால்ல கொசு வளக்கப் போறீங்களா? நல்லாக்கீது நாயம்!" என்றாள். ஆனாலும் ஏரிக்கு வந்து வண்டல் சுமந்தது அவள்தான். அடியில் மக்கிய சாணம் கொஞ்சம், மேலே வண்டல். கிழங்கைப் படுக்கவைத்து, கூர் மட்டும் வெளியே தெரிய, மிதந்துவிடாமல் ஒரு ஓட்டுச்சில்லை மேலே வைத்தேன். முதலில் நாலு விரல் தண்ணீர் போதும், இலை உயர உயரத் தண்ணீரையும் உயர்த்து என்று அந்த அம்மா சொல்லியிருந்தார். புழு தின்னும் பொடிமீன் பத்தையும் விட்டேன். என் வீட்டிலேயே கொசு பிறந்தால் நான் எந்த முகத்தோடு அடுத்த வீட்டுக்குப் போவது?

மாசி முழுக்க ஒன்றுமில்லை. பங்குனியில் ஒரு காலை, தண்ணீருக்குள் பச்சை ஊசி ஒன்று நின்றது. இரண்டு பக்கமும் சுருட்டிய சின்னஞ்சிறு பாய்போல இருந்தது. நாலாம் நாள் மேலே வந்து பிரிந்து, காலணா அகலத்துக்குத் தண்ணீரில் படுத்தது. அதன்மேல் ஒரு கை தண்ணீர் தெளித்தேன். தண்ணீர் உருண்டு, ஓடி, ஒன்றாகி, விளிம்பில் இறங்கியது. இலை நனையவே இல்லை. தாமரை இலைத் தண்ணீர் என்று வாய் வலிக்கச் சொல்லியிருக்கிறேன், ஒருநாளும் குனிந்து பார்த்ததில்லை. மெய்யாகவே மயிர்க்கூச்செறிந்தது. என் மனைவி என்னைத் தள்ளிவிட்டு அவள் ஒரு கை தெளித்தாள். அன்றைக்கு ரயிலைத் தவறவிட்டேன்.

விழுப்புரத்தில் அந்த அம்மாவின் துண்டுகள் இரண்டும் முறிந்த துவாரங்களில் தண்ணீர் ஏறி அழுகிப்போயிருந்தன. "ஒன்னுது?" என்றார். "எல வுட்டுடுச்சும்மா" என்றேன். அவர் முகத்தைப் பார்க்க எனக்கே சந்தோஷமாக இருந்தது. அதற்குப் பிறகு வாரந்தோறும் கேட்பார், நானும் சொல்வேன்.

சித்திரையில் ஒரு நாள் வேலை முடித்துத் திரும்பினால், எங்கள் தெருவில் எண்ணெய் வாடை. வீட்டுக்கு ஓடினேன். சாலின் தண்ணீர்மேல் வானவில் நிறத்தில் எண்ணெய் படர்ந்திருந்தது. மீன்கள் வெள்ளை வயிறு தெரிய மிதந்தன. இலைகள் பிசுபிசுவென்று கறுத்திருந்தன. திண்டிவனம் பகுதிக்குப் புதிதாக வந்த எங்கள் இலாகா ஆள், தெருக்கோடியில் டப்பாவைச் சாத்திவிட்டு பீடி பிடித்துக்கொண்டிருந்தான்.

"டேய், மொண்டு பாத்தியாடா?" என்று கத்தினேன். "கையில கரண்டிய வச்சிக்கினு கீறியே, மொண்டு பாத்தியா?"

"தண்ணி நின்னுச்சு, ஊத்தனேன். இதுக்கு இன்னாத்துக்குண்ணா பேஜாரு பண்றீங்க?"

அவன் முகத்தைப் பார்த்தேன். தை மாதத்தில் என் முகம் இப்படித்தான் இருந்திருக்கும்.

"தலவலியும் காய்ச்சலும் தனக்கு வந்தாத்தான் தெரியும்" என்றாள் என் மனைவி. ஆனால் சொல்லிக்கொண்டே கிணற்றுக்குப் போனாள். எண்ணெய் மிதக்கும், தண்ணீர் தாழும். ஆகவே சால் வழிய வழிய ஊற்றினால் எண்ணெய் விளிம்பு வழியே போய்விடும். அவள் இறைத்தாள், நான் ஊற்றினேன். பொழுது சாயும்வரை அதே வேலை. புழுவை எண்ணெய் எப்படிக் கொல்கிறது என்று எனக்குத் தெரியும்: அது மூச்சுக்கு வாலை மேலே நீட்டும், எண்ணெய் அடைத்துவிடும். தாமரைக்கும் இலைதான் மூக்கு. சேற்றுக்கடியில் கிடக்கும் கிழங்கு, தண்டின் துவாரம் வழியாக இவ்வளவு தூரத்திலிருந்து காற்று வாங்குகிறது. இத்தனை வருஷம் தண்ணீரில் கிடப்பவற்றின் மூச்சை அடைப்பதையே பிழைப்பாகக் கொண்டவன், அன்றைக்குத்தான் ஒன்றின் மூச்சுக்காகத் தவித்தேன்.

இருந்த இலையெல்லாம் செத்தது. மூன்று வாரம் நான் அந்தக் குடியிருப்பு வரிசைப் பக்கமே போகவில்லை. போனால் கேட்பாரே என்று பயம். கோழை என்று என்னை நானே திட்டிக்கொண்டு சுற்றுவழியில் போனேன்.

வைகாசி நடுவில், செத்த இலைகளுக்கு நடுவே ஒரு ஊசி. எண்ணெய் ஊற்றிய அன்றைக்கு அது சேற்றுக்குள் இருந்திருக்க வேண்டும். அது தண்ணீரில் படுக்கவில்லை. தண்ணீரைத் தாண்டி எழுந்து, முழ உயரத்தில் நின்று, முறம்போல விரிந்தது. அப்புறம் இன்னொன்று. ஆனியில் மூன்றாவதாக வந்த தண்டின் நுனியில் இலை இல்லை, பச்சை மொட்டு. அது நாளுக்கு நாள் பருத்து, நுனியில் ரோஜா நிறம் கண்டது. கும்பிட்ட கையைப்போல இருந்தது. நானும் என் மனைவியும் அதன் பக்கத்தில் மெதுவாகவே பேசினோம்.

மாதம் முடிய நாலு நாள் இருக்கும்போது, விடியும் முன்னே அந்த மண்சாலைத் தள்ளுவண்டியில் வைத்து ஸ்டேஷனுக்குக் கொண்டுபோனோம். முதல் பாசஞ்சரின் கார்டு அந்த அம்மாவின் கணவரேதான். தை மாதத்திலிருந்து அவர் என்னோடு பேசியதில்லை. சாலைப் பார்த்தார், மொட்டைப் பார்த்தார். தன் பெட்டியின் கதவைத் திறந்து, ஒரு பக்கம் அவரே பிடித்து ஏற்றினார். நான் சாலைக் கட்டிக்கொண்டு தரையில் உட்கார்ந்தேன்.

மயிலம் தாண்டியதும் வெளிச்சம் வந்தது. ரயில் குலுங்கியதால்தானோ என்று முதலில் நினைத்தேன். இல்லை, மொட்டின் வெளியிதழ் ஒன்று தானாகவே விலகியது. பிறகு அடுத்தது. விக்கிரவாண்டியில் கார்டு பச்சைக்கொடி காட்டிவிட்டுத் திரும்பியபோது அது கிண்ணமாகத் திறந்து, உள்ளே மஞ்சள் தெரிந்தது. கரிப்புகை நாறும் பெட்டி முழுக்க அதன் வாசனை. அவர் தொப்பியைக் கழற்றிவிட்டார். எனக்குக் கண்ணீர் வழிந்தது, துடைக்கக் கை ஒழிவில்லை.

"ஜல்தி போகச் சொல்லுங்க சார், அவங்க பாக்கணும்" என்றேன்.

"எஞ்சினு எங் கையிலயா கீது?" என்றார். ஆறு மாதத்தில் அவர் என்னோடு பேசிய முதல் பேச்சு அதுதான்.

விழுப்புரத்தில் அவர்கள் வீட்டுச் சாமான்களெல்லாம் கோணியில் கட்டிக் கிடந்தன. நானும் கார்டும் சாலை இறக்கினோம். அந்த அம்மா பூவைப் பார்க்கவில்லை. வேலைக்காக நான் கொண்டுவந்திருந்த கரண்டியை வாங்கினார். இலைகளை ஒதுக்கித் தண்ணீரை மொண்டு, வெயிலில் சாய்த்து, என்னைவிட நிதானமாகப் பார்த்தார்.

"புழு இல்ல" என்றார்.

அதற்குப் பிறகுதான் பூவைப் பார்த்தார். முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். நாங்கள் இரண்டு ஆண்களும் வாசலுக்குப் போய் நின்றோம்.

நான் கிளம்பும்போது கூப்பிட்டார். "சால நீங்களே எடுத்துக்கினு போங்க."

"அம்மா, இது உங்களுது."

"ஊர் ஊரா மாத்திக்கினே இருப்பாங்க. போற எடத்துல எவன் வந்து கவுப்பானோ? ஒரு தபா கவுத்த கை, மறுபடி கவுக்காது."

நடுப்பகல் வண்டி வருவதற்குள் பூ மறுபடி மூடிக்கொண்டது. திண்டிவனம் வரும்வரை அந்தச் சாலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டே வந்தேன்.